நாற்பத்தொரு கிராம்

ஏலக்காய் பன்னுக்கு மாவு நிறுக்கும் தராசில்
இந்த வாரம்
என் தூக்கத்தை நிறுக்கிறேன்.

கிருணாவில் இது ஒன்றும் புதிதல்ல.
சுரங்கம் ஊரின் அடிவயிற்றைத் தின்றுவிட்டதால்
வீடுகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி
கிழக்கே கொண்டுபோய் வைக்கிறார்கள்.
தேவாலயமே சக்கரங்களில் போனது,
தெருவோரம் நின்று பார்த்தேன்.
அதற்கு ஏகப்பட்ட சக்கரம்.
எனக்கு ஒரு முதுகு,
ஐம்பத்து மூன்று வயது,
இறக்கத்தில் சொடுக்குப் போடும் இடது முழங்கால்.

அபிஸ்கோவிலிருந்து நிக்காலுவொக்தாவுக்கு
நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
செப்டம்பர் முதல் வாரம். தனியாக.

கடையில் ஈசாக் ஒரு மெத்தையை ஊதிக் காட்டினான்.
முந்நூற்று நாற்பது கிராம்,
புரண்டால் சிப்ஸ் பொட்டலம்போலச் சத்தம்.
விலையைக் கேட்டுவிட்டு
நுரைப் பாயே போதும் என்றேன்.
வீட்டுக்கு வந்து அதையும் இடுப்போடு வெட்டினேன்.
கால்கள் காலிப் பையின்மேல் படுத்துக்கொள்ளட்டும்.
தலையணை: மழைச்சட்டை சுருட்டிய உறை.
கூடாரம்: ஒரு துணி, இரண்டு ஊன்றுகோல்,
மீதி காற்றின் பெருந்தன்மை.

பீரெத் வந்து மேசையைப் பார்த்துச் சிரித்தாள்.
'என் அத்தை பனிமான் தோலில்தான் தூங்குவாள்,
மூன்று கிலோ.'
யார் சுமப்பார்கள் என்றேன்.
'இப்போது ஸ்னோமொபைல்' என்றாள்,
கடைசி பன்னை எடுத்தபடி.

எஞ்சியது போர்வை.
வாத்திறகு அடைத்தது, இருவர் அளவு,
தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு.
டோர்கெல் போகும்போது
கூடாரத்தை எடுத்துக்கொண்டான், அடுப்பை எடுத்துக்கொண்டான்,
இதைக் கட்டில்மேல் மடித்து வைத்திருந்தான்.
மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஒருவர் போர்வை புதிதாக வாங்க
ஒரு மாதச் சம்பளத்தில் பாதி வேண்டும்.
என்னிடம் தையல் இயந்திரம் இருக்கிறது.

நட்டநடுவில் சாக்கட்டியால் கோடு.
கோட்டுக்கு இருபுறமும் நெருக்கமாகத் தையல்.
பிறகு கத்தரி.
இரவு ஒன்றேகாலுக்குச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்,
வழக்கம்போலக் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன,
என் கை ஒரு விரல்கடை விலகியது.
சமையலறை முழுக்க இறகு.
வெண்ணெயில் இறகு. கண்ணிமையில் இறகு.
தும்மினேன், இன்னும் பறந்தது.

விடிந்ததும் நிறுத்தேன்.
அவன் பக்கம்: நானூற்று அறுபத்தைந்து.
என் பக்கம்: ஐந்நூற்று ஆறு.

தராசு தவறு என்று மாவை வைத்துப் பார்த்தேன்.
தராசு சரி.
துணியைத் தரையில் விரித்து அளந்தேன்.
வழுவிய அந்த விரல்கடையும்
என் பக்கத்தைத்தான் குறைத்திருந்தது.

இந்த மாதிரிப் போர்வையில்
அறைகள் குறுக்கே ஓடும்.
ஓரத்தைப் பிடித்து உதறினால்
இறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும்.
ஈசாக் சொல்லியிருக்கிறான்,
குளிரும் பக்கத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று.

பதினொரு கோடைகள்
காலையில் எழுந்ததும் சண்டை போட்டிருக்கிறேன்:
ஏன் ராத்திரியெல்லாம் போர்வையை உதறுகிறாய்,
மனிதரைத் தூங்க விடுகிறாயா?
அவன் காபித்தூளைக் கலக்கிக்கொண்டே
'காற்று' என்பான்.

அதனால் ஒன்றும் மாறிவிடாது.
அவன் போனதற்குக் காரணங்கள் இருந்தன,
சிலவற்றை நான்தான் கொடுத்தேன்.
மெல்லிய பாதியைப் பெட்டியில் வைத்து
லூலியோ முகவரி எழுதினேன்.
அஞ்சலகப் பெண் நிறுத்துவிட்டு
உள்ளே என்ன என்றாள்.
துணி என்றேன்.

மூன்றாம் இரவு, அலெஸ்யௌரே ஏரிக்கு மேலே,
துணிக்கூடாரத்தின் உட்புறம் உறைபனி.
வலது தோளில் குளிர் ஏறியது.
பாதித் தூக்கத்தில் எழுந்து
ஓரத்தைப் பிடித்து உதறினேன்,
ஒரு தடவை, இரண்டு தடவை.
எப்படி உதறுவதென்று
கைக்குத் தெரியவில்லை.