எழுபத்தொரு சதவீதம்

மேம்பாலம் என் ஜன்னல் மட்டத்தில் போகிறது.
பதினொன்றரைக்கு மேல்
களியக்காவிளை பஸ்ஸின் வெளிச்சம்
நான் நிறம் திருத்தும் மணப்பெண் முகத்தில்
ஒருமுறை விழுந்து போகும்.

நான்கு இரவாக
எழுபத்தொரு சதவீதத்தில் நிற்கிறது கல்யாணம்.
ஜனவரியில் கருங்கல் சர்ச்சில் எடுத்தது.
ரெஜின், ஷைபி. இரண்டு மணி பத்து நிமிடம்.
தாலியோடு உயர்ந்த கை
அந்தரத்தில் உறைகிறது.
மவுஸ் நகராது. விசிறி மட்டும் இரைகிறது.

ராம் மாற்றினேன். பவர் சப்ளை மாற்றினேன்.
கரண்டைக் குறை சொன்னேன்,
ராத்திரியில் ஓடாத மாவு மில்லையும்
குறை சொன்னேன்.
"மிஷினுக்க நேரம் செரியில்ல பிள்ளே,
எலுமிச்சை வேண்டிட்டு வரட்டா?"
என்றார் பார்ட்னர் பிஜுகுமார்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இருந்தது:
எட்டு கோர், பதினாறு திரெட்.
டாஸ்க் மேனேஜரில் பதினாறு கட்டம் விரியும்.
வருகிறவர்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவேன்,
உள்ளே பதினாறு ஆள் நிற்பதுபோல.

ஆள் எட்டுதான்.
ஒரு கணக்கு, மெமரியிலிருந்து எண் வரக்
காத்திருக்கும் பொட்டு நேரத்தில்
இன்னொரு கணக்கு வந்து
அதே இருக்கையில் உட்காருகிறது.
கூட்டுகிற இடம் அதுவே, கேஷ் அதுவே.
ஒருவன் எழ ஒருவன் உட்கார
இருக்கையின் சூடு ஆறுவதே இல்லை.

தொண்ணூற்றைந்து டிகிரி.
மார்ச் கடைசி. ஏசி இல்லாத அறை.

ஐந்தாம் இரவு பயாஸுக்குள் போய்
எஸ்எம்டி என்ற ஒற்றை வரியை
ஆஃப் செய்தேன்.
கை கூசியது,
காசு கொடுத்து வாங்கிய வீட்டில்
பாதி அறையை நானே பூட்டுவதுபோல.

வேகமும் பாதியாகும் என்று நினைத்தேன்.
இல்லை.
மூன்று மணி நேரம் மூன்றே முக்கால் ஆனது.
அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான்
எட்டுப் பொய்யாட்கள் செய்துவந்த மெய்வேலை.
சூடு எண்பத்திரண்டு.

எழுபது.
பஸ் போனது, கண்ணாடி அதிர்ந்தது.
எழுபத்தொன்று.
கட்டன் சாயா ஆறிக் கிடந்தது.
எழுபத்தொன்று.
எழுபத்தொன்று.
எழுபத்திரண்டு.
தாலி ஏறியது.
ரெஜினின் பெரியம்மா மூக்கைத் துடைத்தாள்.

விடிந்ததும் பிஜுகுமார் பெட்டியைத் திறந்தார்.
கூலருக்கும் சிப்புக்கும் நடுவே பேஸ்ட்
காய்ந்த மரச்சீனி மாவாய் உதிர்ந்தது.
பழுது அங்கேதான் இருந்திருக்கிறது.
இரண்டாவது திரெட் செய்ததெல்லாம்
கோர் மூச்சு வாங்கும் இடைவெளியிலும்
வேலையைத் திணித்தது;
திணித்துப் பழுதைக் காட்டிக் கொடுத்தது.

புதுப் பேஸ்ட் தடவியாயிற்று.
"இனி ஓண் பண்ணலாம் இல்லியா?"
ஈஸ்டர் கழிந்தால் பதினொரு கல்யாணம்.
கர்சர் அந்த வரியின்மேல் துடிக்கிறது.

அப்போதுதான் விளிக்கிறாள் ஷைபி, துபாயிலிருந்து.
"அக்கா, தாலி கெட்டும்போ
நான் கண்ணை மூடிட்டேனா?"

பாதி, என்கிறேன்.
நான்கு இரவு
அந்தக் கண்ணையே பார்த்திருந்தவள் நான்.