ஐம்பத்தொன்பது விநாடி

நெப்ராஸ்காவில், விமானங்கள் கைவிட்ட ஓடுதளம்.
ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே
வளைந்து நெளிகிறது என் பழைய மியாட்டா.
ஐம்பத்தொன்பது விநாடி.
போன வருஷம் ஐம்பத்தேழு.

மீதிப் பொழுதெல்லாம் வெயிலில் நின்று
மற்றவர்கள் சாய்த்த கூம்புகளை நிமிர்த்துகிறேன்.
ஒவ்வொரு முறை குனியவும்
முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.
"இங்கே மோதினால் பிளாஸ்டிக், ஆர்டித்.
அங்கே சுவர்" என்கிறார் லைல் வாவ்ரா.

அங்கே என்றால் பந்தயத்தடம்.
இரண்டு மணி நேரப் பயணம்,
ஒரே நாளில் தேய்ந்துபோகும் பிரேக் கட்டைகள்,
காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் விட்ட பெருமூச்சு.
புரை எடுத்த வலக்கண்ணுக்கு
மூன்றாம் வளைவு கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

சமையலறை மேசையில் கணக்குப் போட்டேன்.
எப்படிக் கூட்டினாலும் கூம்புகளே மலிவு.

ஆனால் மே மாதம் ஒருமுறை அங்கே போயிருந்தேன்.
நேர்ச்சாலையில், பின்கண்ணாடி நிறைய ஒரு நீலக் கார்.
முன்னால் போகிறவர் கை காட்டாமல்
யாரும் முந்தக் கூடாது, விதி அப்படி.
ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
காற்று கையைப் பிடித்துப் பின்னே இழுத்தது.
விரலால் இடப்பக்கம் காட்டினேன்.
நீலம் விர்ரென்று கடந்தது,
உள்ளே ஒரு பையன் கை தூக்கினான்.
அடுத்த வளைவு முழுக்க
எனக்கே எனக்கு.

கடிகாரத்துக்கும் கை காட்டிப் பார்த்திருக்கிறேன்.
முந்திப் போவதில்லை,
ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது.

லைலிடம் இன்னும் சொல்லவில்லை.
பிரேக் கட்டைகள் வியாழக்கிழமை வரும்.