தொட்ட கை

அஸ்தம்பட்டியில்
மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் மேசை.
கோகிலவாணி வந்து குப்புறப் படுத்தால்
இரண்டு பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு
ஒருத்திக்கான காசுதான் வாங்குகிறேன்.

இடுப்புக்குக் கீழே சைக்கிள்காரி.
கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவன்
மேட்டூர் அணையில் மீன் பிடித்தவனாக இருக்க வேண்டும்,
என் கட்டைவிரலுக்கு அடியில்
இரண்டும் துள்ளி நழுவுகின்றன.

இடுப்புக்கு மேலே கபடிக்காரி.
நாலு பேர் சேர்ந்து ஒருமுறை கழற்றப் பார்த்த தோள்.
வலது மணிக்கட்டில்
அரியானாக்காரி ஒருத்தியின் பல் தடம்.
ரயில்வே பனியனில் எட்டு வருஷம்,
மூன்று தேசியக் கோப்பை,
ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை.
குகையில் தட்டுவடை செட் போடுகிறவர்
இன்னமும் "கபடிப் பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்,
காரச் சட்னியைக் கூட ஒரு கரண்டி தடவி.

இருபத்தெட்டு வயதில்
அந்தப் பனியனை மடித்து வைத்தாள்.
அடிபட்டுவிட்டதா என்றார்கள். இல்லை.
கோச்சோடு சண்டையா என்றார்கள். இல்லை.
கல்யாணமா என்றபோது மட்டும் சிரித்தாளாம்.
என்னிடம் சொன்னது வேறு:
"மூச்ச அடக்கி அடக்கி
அலுத்துப் போச்சுக்கா.
ஒரு தடவ முழுசா விட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு."

விட்டுப் பார்த்த இடம் ஏற்காடு ரோடு.
அடிவாரம் செக்போஸ்ட் தாண்டினால்
இருபது கொண்டை ஊசி.
முதல் நாள் ஆறாவதில் வாந்தி.
தடுப்புச்சுவரில் ஒரு குரங்கு
உட்கார்ந்து கடைசிவரை பார்த்ததாம்.
ஆறு மாதம் போனதும்
குரங்குகள் அவளைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டன.
மூன்றாம் வருஷம் பெல்ஜியத்து அணி ஒன்று
புரியாத மொழியில் பதினான்கு பக்கம் அனுப்பியது.
கட்டம் போட்ட இடத்தில் எல்லாம்
கையெழுத்துப் போட்டாள்.

போட்டது வலது கை.
இடது கை எதையும் வாசிக்கவில்லை.

அது தெரிந்தது போன மாசியில்.
வெளிநாட்டில் இரண்டு பந்தயம் ஜெயித்துவிட்டு
சொந்த மலையில் ஓட்ட வந்திருந்தாள்.
கன்னங்குறிச்சியே வேன் பிடித்து ஏறியிருந்தது.
ஒண்டிக்கடைத் திருப்பம் கடந்து
ஏரிக்கரையில் கடைசி ஐம்பது மீட்டர்.
முன்னால் ஒரே ஒருத்தி, புனேக்காரி.
பனியில் நனைந்த அவள் தோள்
எட்டினால் படுகிற தூரம்.

எட்டியது.

ஹேண்டிலை விட்டு
நாலு விரல் போய்
தோளைத் தொட்டுத் திரும்பின.
அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை.
தொட்டவள்
நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓட வேண்டும் இல்லையா,
பிரேக்கைப் பிடித்துவிட்டாள்.
பின்னால் வந்த ஐந்து பேர்
இருபுறமும் வழிந்து போனார்கள்.

வேன்காரக் கூட்டம்
"பாயிண்ட்!" என்று கத்தியது.
நடுவர்கள் ஐந்து நிமிஷம் கூடிப் பேசி
கடைசி இடம் என்று எழுதினார்கள்,
அபராதம் தனியாக.
இத்தனை வருஷம் எதற்காக அவளுக்குக்
கோப்பை கொடுத்தார்களோ
அதற்கே.

அழுதாயா என்று கேட்டேன்.
"சிரிப்பு வந்துச்சு.
அந்தப் புனேப் பொண்ணு வந்து
நான் அவுட்டானு கேட்டா."

வைகாசியில் மறுபடி ஒரு பந்தயம் ஜெயித்தாள்,
ஏதோ ஒரு மழை ஊரில்.
இடது கையைக்
கடைசிவரை ஹேண்டிலில் பிடித்து அழுத்தி வைத்திருந்தாளாம்,
சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல.

இன்று வந்ததும் அதைத்தான் முதலில் நீட்டினாள்.
"வலியெல்லாம் இல்ல. சும்மா பிடிங்கக்கா."
பிடித்தேன்.
வீட்டுக் கடன், மோட்டார் ரிப்பேர், லீவு லெட்டர் என்று
அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.
கை மட்டும்
என் பிடிக்குள் மெல்லப் புரண்டது,
ஒரு விரல் விடுபட்டு
மேசை விளிம்புவரை நீண்டு
கோடு எங்கே என்று தடவியது.