குருதி என்று டப்பிங்கில் சொல்கிறார்கள்

நாங்கள் பிளட் என்போம், மிஞ்சினால் பை.
"ஓ நெகட்டிவ் ரெண்டு பை இருக்கா?"
டப்பிங்கில்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு
"உன் குருதியின் வாசம் என்னை அழைக்கிறது, பேரழகே."
திருவாரூர் ஆஸ்பத்திரி, ரத்த வங்கி,
இரவு இரண்டு நாற்பது.
நான்கு டிகிரியில் முனகுகிறது ஃப்ரிட்ஜ்.
ஒரு காதில் ஹெட்போன், ஒரு காதில் கதவு.

இருநூறு வயதாம் அவனுக்கு. முகத்தில் ஒரு பரு இல்லை.
அவள் கழுத்தருகே குனிந்து
கடிக்காமல் நிமிர்கிற இடத்தை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.
கடித்தால் பேய்ப்படம்,
கடிக்காவிட்டால் காதல்.
நடுவே ஒரு விரற்கடை.
அதைக் கடக்கத்தான் எட்டு எபிசோட்.
எனக்கோ தொழில்புத்தி:
கழுத்து எதற்கு, முழங்கை மடிப்பில் குத்தேன்டா,
சுலபமாகக் கிடைக்குமே.

நன்னிலத்திலிருந்து ஐஸ்பெட்டியோடு
வாரத்தில் மூன்று இரவு வருவான் கார்முகில்.
கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு முறையும்
"உள்ளே வரலாமா?"
"வாங்க" என்பேன்.
"வான்னு சொல்லேன்" என்பான், வந்த பிறகு.

சீரியலிலும் அது ஒரு சட்டம்:
அழைக்காத வீட்டின் நிலைப்படியை
அவனால் தாண்ட முடியாது.

சித்திரையில் ஒரு பகல்
நான் விட்டுவந்த அடையாள அட்டையைக் கொடுக்கிற சாக்கில்
எங்கள் வீட்டுக்கு வந்தான்.
சிலிண்டர்காரரை, சீட்டுப் பணம் கேட்டு வருகிறவரை,
முகவரி தவறி வந்தவரைக்கூட
வாங்க என்கிற வீடு.
அண்ணன் எந்த ஊர் என்றான். சொன்னான்.
ஊரில் எந்தப் பக்கம் என்றான். அதையும் சொன்னான்.
பிறகு அந்த ஒரு சொல்லை
வீட்டில் யாருக்கும் வாயில் வரவில்லை.
உச்சி வெயிலில் நின்றான், எரியவில்லை.
நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.
அண்ணனின் பைக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது;
ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்.
அட்டையை கேட்டில் செருகிவிட்டுப் போனான்.

"நம்ம ரத்தத்துல இதெல்லாம் கிடையாது"
ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி அண்ணன்.
அவனுக்குக் கடைவாயில் ஒரு தெற்றுப்பல்.
இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை.
பக்கத்தில் அண்ணி, மடியில் நான்கு மாதக் குழந்தை.
பிரசவத்தில் அவளுக்கு ஏற்றிய கடைசிப் பை
யாருடைய கையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.
ஊசி போட்டவள் நான்.
கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது.
அது எங்கள் சட்டம்.
"ரசம் ஊத்து" என்றான். ஊற்றினேன்.

ஆறாவது எபிசோடில் இன்னொன்று சொன்னார்கள்:
ஓடும் தண்ணீரை அவனால் கடக்க முடியாது.
சிரித்துவிட்டேன்.
முடிகொண்டான், வெட்டாறு, ஓடம்போக்கி,
போதாததற்கு முழத்துக்கு ஒரு வாய்க்கால்.
இந்தப் பக்கம் அப்படி ஒருவன்
ஒரு தெருகூடப் போய்வர முடியாது.
பிறகு யோசித்தேன்.
மேட்டூர் திறக்கும்வரை எல்லாம் மணல்தானே.
பங்குனியில் நடந்தே வந்துவிடுவான்,
செருப்பில்லாமல்.

ஆனியில் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது,
முன்னால் நுரை, காய்ந்த மட்டை,
தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு.
அன்றிரவு போன் செய்தான்.
"வெட்டாத்துல தண்ணி. பாலத்துல நிக்கிறேன், சத்தம் கேக்குதா?"
கேட்டது.
"தாண்டிடுவியா?" என்றேன்.
சீரியல் பார்க்காதவன்.
"ஏன், பாலம் இருக்கே" என்றான்.

மூன்று பத்து. கதவில் விரல்.
ஹெட்போனைக் கழற்றினேன்.
உள்ளே வரலாமா என்று கேட்பதற்குள்
வா என்றேன்.
ஏ பாசிட்டிவ் ஒன்று, பதிவேட்டில் கையெழுத்து,
ஐஸ்பெட்டி மூடுகிற சத்தம்.
குனிந்தவன் நிமிரவில்லை.

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
விடிந்தால் என்ன ஆகும் என்பது
எட்டாவது எபிசோடில் இருக்கிறது.
நான் இன்னும் பார்க்கவில்லை.