கழுதை கப்பலாக இருந்த பக்கம்

இன்று காலை பத்தரை மணிக்கு
நான் ஒரு வேனைத் திருடினேன்.
பதினொன்றே காலுக்கு அதை மறுத்தேன்.
மதியத்துக்கு மேல் எனக்கு மூன்று பிள்ளைகள்,
ஏழு மாத வாடகை பாக்கி,
அன்றிரவு நான் எங்கே இருந்தேன் என்பது
எனக்கே நினைவில்லை.

திரியெஸ்தே நீதிமன்றத்தில் என் வேலை அது.
ஸ்லோவேனியனில் ஒருவர் ‘நான்’ என்றால்
இத்தாலியனில் நானும் ‘நான்’ என்பேன்.
‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக் கூடாது.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
பொய்யென்றாலும் பிசகாமல் சொல்ல வேண்டும்.
ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லை வாடகைக்கு விடுகிறேன்.
சாயங்காலம் திரும்பக் கிடைக்கும்போது
பேருந்து இருக்கை மாதிரி
யாருடைய சூடோ அதில் மிச்சமிருக்கும்.

வெளியே போரா காற்று
குப்பைத்தொட்டிகளைச் சரிவில் உருட்டிக்கொண்டிருந்தது.
படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து
வீடு வந்து சேர்ந்தேன்.

யெர்னேய்க்கு நாலு வயது.
ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான்,
மடியில் நூலகத்துப் புத்தகம்.
முன்னால் படித்த எந்தப் பிள்ளையோ சிந்திய ஜாம்
பன்னிரண்டாம் பக்கத்தைப் பதின்மூன்றோடு ஒட்டிவிட்டது.

துறைமுகத்தில் ஒரு கழுதை.
கழுதையாக இருக்க அதற்குப் பிடிக்கவில்லை.
குடையாகிறது. தபால்காரியாகிறது.
எட்டாம் பக்கத்தில்
காதிரண்டையும் பாயாக விரித்துக்
கப்பலாகிறது.
கடைசியில் மழைக்குட்டையில் முகம் பார்த்து
‘நான் நானாக இருந்தாலே போதும்’ என்கிறது.
பின்னட்டையில் பெற்றோருக்கென்று
ஒரு பத்தி அறிவுரை வேறு.

அந்தப் பத்தி சொன்னபடியே கேட்டேன்:
‘அப்போ நீ யாரா இருக்கணும், சொல்லு?’

‘கப்பல்.’

‘அது கழுதைதானே?’

‘கழுதைதான். ஆனா எட்டாம் பக்கத்துல கப்பல்.’
கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினான்.
‘இங்க அதுக்குத் தூக்கம் வந்துடுச்சு.
அதான் திரும்பக் கழுதையாயிடுச்சு.’

உற்றுப் பார்த்தேன்.
வரைந்தவருக்கும் அங்கே சலித்துத்தான் போயிருக்கிறது.
குட்டை வெறும் சாம்பல்,
கழுதைக்குக் கால் மூன்றுதான் தெரிகிறது.
எட்டாம் பக்கத்திலோ
அலைக்கு அலை வேறு வேறு நீலம்.
காதோரம் ஒரு மாலுமி
சட்டை உலர்த்திக்கொண்டிருக்கிறான்.

வாதாட எழுந்த ஏதோ ஒன்று
எனக்குள் மறுபடி உட்கார்ந்துகொண்டது.
வேன் திருடியவளுக்கு ஏது வாய்?

விளக்கை அணைத்த பிறகு சொன்னான்:
‘கோர்ட்டுல செய்வியே, அதை எனக்குச் செய்.’

செய்தேன். அவன் ஸ்லோவேனியனில் சொல்லச் சொல்ல
இருட்டில் என் இத்தாலியன்:
எனக்குத் தூக்கம் வரவில்லை.
எனக்குக் காற்றென்றால் பயமில்லை.
கொஞ்சம் பயம்.
நான் பெரிய கப்பல், என்னில் முப்பது லாரி ஏறும்.
என் காதோரம் என் அம்மா
சட்டை உலர்த்துகிறாள்.

கூட்டவில்லை. குறைக்கவில்லை.

அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை. ஜன்னல் சட்டம் மட்டும் அதிர்ந்தது.
வாய் திறந்தபடி தூங்கிவிட்டான்.
சொல்ல யாரும் எதுவும் தராத இருட்டில்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வியாழக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும்.
சமையலறையில் வெந்நீர்த் துணி வைத்து
ஜாமை மெல்ல இளக்கிப்
பன்னிரண்டைப் பதின்மூன்றிலிருந்து பிரித்தேன்.

நாற்காலி.
அங்கே கழுதை ஒரு நாற்காலியாக இருந்தது.
நாலு காலும் சரியாக.
யாரோ உட்கார்ந்து எழுந்து போனதுபோல்
மெத்தையில் ஒரு குழி.

எழுப்பிச் சொல்லலாமா என்று
கதவு வரைக்கும் போனேன்.