நான்காவது பொத்தான்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
கூட்ஸ் வண்டி ஊர்ந்து முடிவதற்குள்
நாற்பது கமென்ட் முடித்துவிடுவேன்.
ஒன்றுக்கு அறுபது காசு.
ஜன்னல் அதிரும், லேப்டாப் அதிரும்,
விரல் மட்டும் அதிராது.

திரையில் யாரோ யாருக்கோ எழுதிய ஒரு வரி.
கீழே நான்கு பொத்தான்:
சரி. வசவு. மிரட்டல். தெரியவில்லை.
நான் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து
எங்கேயோ ஒரு மெஷின் தமிழ் படிக்கிறது.
தோளில் கை போட்டுத் திட்டுகிறானா
தோளைப் பிடித்துத் தள்ளித் திட்டுகிறானா,
அதற்கு எப்படித் தெரியும்?
எழுத்தில் பார்த்தால் எனக்கே தெரிவதில்லை.

ஆனால் நூற்றுக்கு மூன்றுக்கு மேல்
'தெரியவில்லை' போட்டால் காசு பிடிப்பார்கள்.
குறிப்பில் தடித்த எழுத்தில் இருக்கிறது:
சந்தேகம் வந்தால் வசவு என்றே குறிக்கவும்.

சேர்ந்த முதல் வாரம்.
"டேய் சாவுகிராக்கி, எங்கடா கீறே?"
சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் சந்தில் இது டீக்குக் கூப்பிடுகிற வார்த்தை.
'சரி' வரைக்கும் விரல் போனது.
அப்புறம் மறுபடி படித்தேன்.
சரிபார்க்கிற மேடத்துக்குத் தேனிப் பக்கம்.
சாவு என்று கண்ணில் பட்டதும் திருப்பிவிடுவார்,
திருப்பினால் அந்த நூறுக்கும் காசில்லை.
வசவு.
அடுத்தது.

"இன்னா தம்பி, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?"
மூலக்கடையில் ரோடு தாண்டின யாருக்கும்
அது என்ன கேள்வி என்று தெரியும்.
மிரட்டல் என்று போட்டேன்.
சிவப்பில் திரும்பி வந்தது:
'அக்கறையான விசாரிப்பு. சரி.'

எட்டு மாசம்.
எத்தனை சாவுகிராக்கி வந்ததோ கணக்கில்லை.
பார்த்த மாத்திரத்தில் விரல் போய்விடும்
வசவுக்கு, யோசிக்காமல்,
மெஷினை விட வேகமாக.

போன புதன்கிழமை ராத்திரி
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி
தனகோட்டியை அடித்துவிட்டது.
என் தம்பி எபியும் அவனும்
ஹார்பரில் ஒரே ஷிஃப்ட், ஒரே வண்டி.
அன்றைக்கு மட்டும் எபிக்குக் காய்ச்சல்.

மூலக்கொத்தளத்தில் எபி அழவில்லை.
வீட்டுக்கு வந்து போனை எடுத்து
இரண்டு பேரும் வண்டியில் இருக்கிற போட்டோ ஒன்றைப் போட்டு
கீழே ஒரே வரி:

"டேய் சாவுகிராக்கி, சொல்ட்டு போயிருக்கலாம்ல."

ஒரு நிமிஷம்கூட இருக்காது.
'உங்கள் பதிவு ஒருவரை இழிவுபடுத்துகிறது.
நீக்கப்பட்டுள்ளது.'
எழுத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டான். எடுத்தது.
நடுவில் புள்ளி வைத்துப் போட்டான்.
முப்பது நாள் பூட்டிவிட்டது.
எழுதத்தான் முடியாது, பார்க்கலாம்.
பார்த்தான்:
ஹெல்மெட் விளம்பரம், ஆயுள் காப்பீடு,
மறுபடி ஹெல்மெட், வேறு கலரில்.
அந்த வரி என்னவென்று
அந்த மட்டுக்கும் அதற்குப் புரிந்திருக்கிறது.

"யக்கா, உன் வேல இதானே. யாரையாச்சும் கேளேன்."

யாரைக் கேட்பேன்?
எனக்கு வரும் மெயிலுக்குப்
பதில் போட முடியாது.
அவனிடம் அதைச் சொன்னேன்.
மற்றதைச் சொல்லவில்லை,
அந்த வார்த்தைக்கு முதல் முதலில்
'வசவு' போட்ட விரல்களில்
இதுவும் ஒன்று என்பதை.

மறுநாள் மணிக்கூண்டு பக்கம்
போஸ்டர் அடிக்கப் போனோம்.
அதே போட்டோ, பிறப்பு, இறப்பு.
கீழே என்ன போடணும் என்றார் சையத் கனி அண்ணன்.
எபி அந்த வரியைச் சொன்னான்.
அவர் முகத்தைச் சுளிக்கவில்லை, சிரிக்கவுமில்லை.
போட்டோவை ஒரு தடவை பார்த்தார்,
எபியை ஒரு தடவை பார்த்தார்,
கீபோர்டில் பாதி அடித்துவிட்டு நிறுத்தினார்.

"சாவுகிராக்கியா, சாவுக்கிராக்கியா?
நடுவுல 'க்' வருமா பா?"

எபி என்னைப் பார்த்தான்.
எட்டு மாசமாக
அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

"தெர்லண்ணா" என்றேன்.

யாரும் காசு பிடிக்கவில்லை.