மூன்று கருவிகள் மட்டும்

அறைக்கு மூன்று கருவிகள் மட்டும்.
நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறது.
நாலாவது போன் உள்ளே வரவேண்டுமென்றால்
ஒன்று வெளியே போகவேண்டும்.
தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ கூட இவ்வளவு கறாரில்லை,
மூவர் சீட்டில் ஐவர்,
டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர்.

நெட் செத்துப் பதினோரு நாள்.
சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது.
பேராசிரியரின் நெற்றி வரும்,
வாய் வராது.
ஹசீனா ரூட்டரை அணைத்துப் போட்டாள்.
நான் அணைத்து, பத்து எண்ணிப் போட்டேன்.
புகார் எண்ணில் ஒரு பெண் முப்பது எண்ணச் சொன்னாள்.
கோரஸாக எண்ணினோம்.
இருபத்து நாலில் கரண்டே போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் கஜபதி வந்தார்.
"ஆம்பள வர்றாங்க, துப்பட்டா" என்று
வார்டன் முன்னால் கத்திக்கொண்டே போக
மொட்டை மாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார்:
செப்பு முனையில் பச்சைப் பூ.
"காசிமேட்டுக் காத்தும்மா. உப்பு.
லாரியவே துன்னுது, இது அதுக்கு முறுக்கு."
நறுக்கினார், உரித்தார்,
ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று
தனக்குள் முணுமுணுத்தபடி
எட்டு நூல்களையும் சீவி நிறுத்திக் கடித்தது இடுக்கி.
விளக்கு எரிந்தது.
"இன்னும் ஸ்லோன்னா லிஸ்ட்ட பாரு.
வேற யார்னா உக்காந்துனு உறிஞ்சுவாங்க."

பார்த்தோம்.
என் லேப்டாப். ஹசீனாவின் போன்.
ஜெனிட்டா.

ஜெனிட்டா அக்டோபரில் போனவள்.
ஐந்தாம் செமஸ்டர் கட்டணத்துக்கு வெள்ளி கடைசி நாள்,
வியாழன் இரவே கட்டிலைக் காலி செய்தாள்.
ஊருக்கு என்றாள். நாங்களும் ஊருக்கு என்று வைத்துக்கொண்டோம்.
அவளுடைய நீல பக்கெட்டில்தான் இன்னும் குளிக்கிறேன்.
அவள் கட்டிலில் எங்கள் துணி காய்கிறது.
அவள் இடத்தில் என் போனைச் சேர்க்க
ஏழு மாதமாக ஞாபகமில்லை எனக்கு.

பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு'.
விரல் போனது.
கீழே பொடி எழுத்தில்
கடைசியாக இணைந்தது: இன்று அதிகாலை 4.10.
நேற்று 4.05.
முந்தாநாள் 4.20.
ஞாயிறு இல்லை.

அலாரம் வைத்து எழுந்தோம்.
பின்சுவருக்கு அந்தப்பக்கம்
துறைமுகத்துக்கு முறை வராத கன்டெய்னர் லாரிகள்
வரிசையாகத் தூங்கின.
மணலி கம்பெனி வேன் ஒன்று வந்து
நைட் ஷிப்டை உதறிவிட்டுப் போனது.
டிரான்ஸ்பார்மர் ஓரம், கவிழ்த்த மீன் கிரேட்டின் மேல்
மஞ்சள் பட்டைச் சட்டையோடு ஒருத்தி உட்கார்ந்தாள்.
போனைப் படுக்கவைத்துப் பிடித்திருந்தாள்.
காதில் ஒயர். மடியில் நோட்டு.

"கூப்பிடட்டா?" என்றாள் ஹசீனா.
கூப்பிட்டால் நாளைக்கு வரமாட்டாள்.

காலையில் ரூட்டரை ஆணியிலிருந்து கழற்றி
பின்பக்க ஜன்னல் கம்பியில் கட்டினோம்,
துணி காயப்போடும் கயிற்றால்.
வார்டன் கேட்டார்.
"இங்கதான் சிக்னல் நல்லா இருக்கு மேடம்."
பொய்யில்லை.

ஒன்றாம் தேதி பாஸ்வேர்டு மாறியது.
மதியம், வகுப்புக் குழுவில்
ரெக்கார்டு நோட்டுக்கும் இன்டர்னல் தேதிக்கும் நடுவில்
கை தவறியதுபோல் அதை அனுப்பினேன்.
அந்தக் குழுவிலிருந்து யாரும் அவளை இன்னும் எடுக்கவில்லை.
அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள்.
என்னடி இது என்று இரண்டு பேர் சிரித்தார்கள்.
அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை,
கருவிகள் மூன்று மட்டும்.
மாலை போய், மெஸ் மணி அடித்து,
சாம்பார் தீர்ந்து,
அறுபத்து நாலாவது பெயர் வரும்வரை
போனைக் கவிழ்த்துவைக்காமல் இருந்தேன்.

வந்தது.
அழித்தேன், எல்லோருக்கும்.